பின்சக்கரத்து பிரேக்

— அந்த ஸ்பேனர் உன் இடது காலடியிலதான்க்கா கிடக்கு. விழுந்த சத்தம் கேட்டேன்.

— கண்ணு தெரியாத உனக்குத் தெரியுது, நான் பெஞ்சுக்கு அடியில தேடிக்கிட்டு இருக்கேன். இந்தா, பின்சக்கரத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. சுத்த விடாதே.

— பிடிச்சுட்டேன். லீவு நாள்ல டிப்போவைத் திறந்து விட்டாங்களே, அதுவே பெரிசு.

— இத்தனை வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டுறவ கேட்டா சாவி தர மாட்டாங்களா? வாட்ச்மேனுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியலை. அக்காவும் தம்பியும் ரெண்டு பேர் மிதிக்கிற ரெட்டை சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றதைப் பார்த்துட்டு கேட்டைத் திறக்கவே மறந்துட்டார்.

— ஓட்டிக்கிட்டு வந்திருந்தா சிரிச்சிருக்க மாட்டார்.

— ஓட்டுற மாதிரியா இருக்கு இது? கல்லைக் கட்டி இழுக்குற மாதிரி இருக்கு. செயினை மாத்தியாச்சு, டயரை மாத்தியாச்சு. உன் முழங்கால் வீங்கி, ஊசி போட்டு, படுத்து எழுந்தாச்சு. போன வாரம் பெட்ரோல் பங்க் வாசல்ல நின்ன இடத்துலயே சாய்ஞ்சோம். நல்லவேளை யாரும் பாக்கலைன்னு திரும்பினா, பின்னாடி நிக்குது எங்க ஹெட்மாஸ்டர் கார்.

— அவர் இறங்கி வந்து என்னைத்தான் முதல்ல தூக்கினார். உனக்கு அதுல வருத்தம்.

— பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. நாளைக்கு அந்த சைக்கிள் பயணத்துக்குக் கடைசித் தேர்வுடா. ஏரியைச் சுத்தி நேரத்துக்குள்ள வரலேன்னா நம்ம பேரை அடிச்சுடுவாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. இந்த ஏரிக்கே மூச்சு வாங்குது, அடுத்த மாசம் கடல் வரைக்கும் நாலு நாள் எப்படிப் போகப் போறோம்?

— போகலேன்னா என்ன, ஆஸ்பத்திரியில என் போன் முன்னாடி உக்காந்து எல்லாருக்கும் லைன் போட்டுக் கொடுத்துக்கிட்டு இருப்பேன்.

— அந்த வேலையை உனக்குக் கத்துக்கொடுத்தது யாரு? கண்ணு போனப்புறம் ரூமை விட்டே நீ வெளியில வரலை. சாப்பாட்டை உள்ள வெச்சுட்டு, நீ சாப்பிடுற சத்தம் கேக்குதான்னு கதவோரமா நிப்பேன். கண்ணு தெரியாதவங்களுக்கான அந்தப் பயிற்சி நிலையத்துல கொண்டுபோய் விட்டேன், அவங்கதான் கத்துக்கொடுத்தாங்க. கோலைப் பிடிச்சு நீயா நடந்து வந்தே. நீயா டீ போட்டு எனக்கு ஒரு டம்ளர் நீட்டினே. அன்னைக்கு நான் குடிச்ச டீயை மறக்கவே மாட்டேன்.

— சர்க்கரைக்குப் பதிலா உப்பு போட்டிருந்தேன்.

— மடமடன்னு குடிச்சேன்ல? இன்னைக்கு அங்க இடமில்லாம எத்தனை பேர் உன்னை மாதிரியே வீட்டுக்குள்ள கிடக்குறாங்க. அவங்களுக்கு இன்னொரு கட்டடம் கட்டப் பணம் திரட்டத்தானே ஊரெல்லாம் சைக்கிளை எடுக்குது. அதுல நாம இல்லேன்னா எப்படி?

— சரி சரி, அழாதே. ஸ்பேனரைத் திருப்பு.

— யார் அழுதா? கிரீஸ் நாத்தத்துல மூக்கு ஒழுகுது. இதோ, கழண்டு வந்துடுச்சு. அடப்பாவி.

— என்னக்கா?

— பிரேக் ரப்பர். போன மாசம்தான் ரெண்டு சக்கரத்துக்கும் புதுசு போட்டேன். தேய்ஞ்சு வெறும் தகடா நிக்குது. அந்தக் கடைக்காரன் என் தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான். போய்க் கேக்குற கேள்வியில அவன்...

— அவரை விட்டுடுக்கா, பாவம்.

— ஏன் விடணும்? இரு, முன்சக்கரத்தையும் பாக்குறேன். ம்.

— என்ன, ம்?

— இது போட்ட மேனிக்கு அப்படியே இருக்கு. ஒரே கடை, ஒரே டப்பா. பின்னாடி மட்டும் எப்படி... டேய், ஏன் தலையைக் குனிஞ்சுக்குறே?

— குனிஞ்சா என்ன, நிமிர்ந்தா என்ன. பாக்கவா போறேன்.

— பேச்சை மாத்தாதே. ஒரு பஸ் இப்படித் தேய்ஞ்சு வந்தா நான் என்ன சொல்வேன் தெரியுமா? டிரைவர் பிரேக்குல காலை வெச்சுக்கிட்டே ஓட்டியிருக்கார்னு சொல்வேன். புதுசா வந்த டிரைவரை இதுக்காகவே இதே டிப்போவுல வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கேன்.

— தெரியும். வீட்டுக்கு வந்தும் திட்டித் தீர்த்தியே.

— அப்ப, நானா?

— கொஞ்சம் லைன்ல இருங்க, மேடம்.

— விளையாடாதேடா. நானா பிடிச்சுக்கிட்டே இருந்தேன்?

— லேசாத்தான்க்கா. லாரி சத்தம் கேட்டா கொஞ்சம் கூடுதலா.

— பின்னாடி உக்காந்திருந்த உனக்கு எப்படித் தெரியும்?

— ரப்பர் சூடாகிக் கருகின வாசனை வரும். மூக்கு உனக்குத்தான் ஒழுகுது, எனக்கு இல்லை.

— எப்பத்திலேர்ந்து தெரியும்?

— ஆரம்பத்திலேர்ந்தே.

— நான் பிரேக்கைப் பிடிக்க, நீ பின்னாடி உக்காந்து அதையும் சேத்து மிதிச்சியா? முழங்கால் அதனாலதான் வீங்குச்சா? வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?

— யார்கிட்டச் சொல்றது? உன் புருஷன் ஒரு நாள் முன்னாடி உக்காந்தார், மறுநாளே அவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரி நண்பன் ஒருத்தன் ஒரு வாரம் வந்தான், அப்புறம் என் போனையே எடுக்கலை. மாடி வீட்டுக்காரர் வர்றேன்னு சொன்னதோட சரி. கடைசியில நீ வந்தே. இந்த வயசுல முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டு, எனக்காக சைக்கிள் கத்துக்கிட்டு வந்தே. விடியறதுக்கு முன்னாடி வந்து என் கையைப் பிடிப்பே, உன் விரல் சில்லுன்னு இருக்கும். தினமும் பயந்தே, தினமும் வந்தே. பிரேக்கை விடுன்னு சொன்னா எங்க சைக்கிளையே விட்டுடுவியோன்னு எனக்குப் பயம். மூஞ்சியில காத்து அடிக்கிறப்ப கண்ணு போனதே எனக்கு மறந்துடுதுக்கா. அதைக் கொடுத்தது நீ. அதுக்கு ஒரு முழங்கால் வீங்கினா வீங்கிட்டுப் போகட்டும்.

— என்னைப் பேச விடாமப் பண்ணிட்டே.

— முப்பது வருஷமா முயற்சி பண்றேன்.

— நான் எனக்காகப் பயப்படலைடா. பஸ் நிறையக் குழந்தைங்களை ஏத்திக்கிட்டு மழையில போறப்பக்கூட தேவையில்லாம பிரேக்கை மிதிச்சதில்லை. பின்னாடி நீ உக்காந்திருக்கேன்னு நினைச்சாத்தான் விரல் தானா மூடிக்குது. நாளைக்கும் மூடும். மூடாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.

— அப்ப நாளைக்கு என்ன பண்றது?

— உன் வலது பக்கத்துல ஒரு தகர டப்பா இருக்கு. அதுல பிரேக் கேபிள் ஒண்ணு இருக்கும், எடு.

— இதுவா? இது எதுக்கு?

— புது ரப்பர் போட்டு, பின் பிரேக்கை உன் கைப்பிடிக்கு மாத்தப் போறேன். முன் பிரேக் ஆபத்துக்கு என்கிட்ட இருக்கட்டும். குப்புறக் கவுத்துடும்னு அதைத் தொடவே எனக்குப் பயம். வளைவு வந்தா, வண்டி வந்தா, நான் சொல்றேன், நீ பிடி. நான் சொல்லலேன்னா பிடிக்காதே.

— அக்கா, கண்ணு தெரியாதவன் கையிலயா பிரேக்கைக் கொடுக்குறே?

— கண்ணு தெரிஞ்சவ கையில இருந்ததாலதான்டா நாம இன்னும் ஏரியையே தாண்டலை. கையை நீட்டு, அளவு எடுக்கணும்.