வடக்கு பாத்த ரூம்

கடலு பாத்த ரூமா? எனக்கு வேண்டாம் மக்களே. அத வேற ஆருக்காவது குடு. நான் கேட்டது பின்னால இருக்க ரூம். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில, கீழ, ஒத்த சன்னலு வச்சு வடக்க பாத்து ஒண்ணு கெடக்குல்லா, அது.

தெரிஞ்சுதான் கேக்கேன். எனக்கு காது நல்லாத்தான் கேக்கும், நீ சத்தம் போட்டுச் சொல்லாண்டாம். அதில இருந்து பாத்தா கடலு தெரியாது, மதிலுதான் தெரியும். அதானே சொல்லுக? தெரியட்டு. கண்ணு தெளிஞ்ச நாளில இருந்து கடலப் பாத்தாச்சு. அது ஒரு எளவும் மாறல்ல.

இதென்னது? வெல்கம் டிரிங்கா? ஆரஞ்சுப் பொடியக் கலக்கி, மேல ஒரு குடையும் குத்தி வச்சிருக்க. குடிக்கவ நனைஞ்சிராம இருக்கவா? எடுத்து அந்தால வை. ஒரு டம்ளரு வெள்ளம் குடு, போதும். பாட்டில் வேண்டாம். முன்னால ஒரு கெணறு கெடக்கே, அதில கோரல்லியா? மூடிட்டிய. கொள்ளாம். கடக்கரையில நல்ல தண்ணி கெடக்க கெணறு. அத மூடி மேல பிளாஸ்டிக் பூவ நட்டு வச்சிட்டு, தண்ணிய பாட்டில்ல வாங்கி விக்குக. அதுக்கு முன்னால நின்னு ஆளுவ போட்டோ வேற எடுக்காங்க. நல்ல கூறுள்ள ஆளுவதான்.

நெஞ்சில பேரு குத்தியிருக்கியே, என்னன்னு போட்டிருக்கு? கண்ணாடி பையிலதான் கெடக்கு, எடுக்க மடியா இருக்கு. ஜெஸ்பினா? எந்த ஊரு? இனயமா! அப்போ உனக்குத் தெரியும்லா. உனக்க வீட்டில கடலு பாக்கணும்னா கதவத் தொறந்தா போதும். ஆனி ஆடியில தொறக்காட்டியும் அது உள்ள வந்து பாத்துட்டுப் போகும். பொறவு நீ எப்படி மொகத்த நேரா வச்சுக்கிட்டு, சீ வியூ ரூமுக்கு இவ்வளவு கூடுதல்னு சொல்லுக? சிரிப்பு வரல்லியா? வந்தாலும் அடக்கணும், அதுக்குத்தான் சம்பளம். சரி.

ஓட்டலுல இருந்து பழக்கமில்லாத பட்டிக்காட்டுப் பொம்பளன்னு நெனைக்காத கேட்டியா. நான் ஃபாரின்ல இருந்திருக்கேன். ஏட்டி, சிரிக்காத. இலங்கை ஃபாரின் இல்லாம பின்ன என்ன? காலின்னு ஒரு ஊரு. ஊருக்குப் பேரு வச்சவனக் கும்பிடணும், போயிட்டு வந்தா பையும் காலி, உள்ளதும் காலி.

எனக்க மகன் அனில்குமாரு நாரோயில்ல இருக்கான். மஸ்கட்டில இருந்து வந்து இஞ்ச ஏதோ ஏசி விக்குக கட. அவன் ஒருநாளு வந்து, அம்மா, நீ ஆயுசில ஒரு எடமும் பாக்கல்ல, இந்துஜா கூட காலிக்கு போயிட்டு வா, டிக்கட் எடுத்திட்டேன்னு நிக்கான். இந்துஜா அவனுக்க பெண்டாட்டி. கறியில உப்பு இருக்கான்னு கூட என்ட்ட கேக்காதவ, அன்னைக்கு வந்து, மாமி உங்களுக்கு எந்தக் கலரு செருப்பு வேணும்னு கேக்கா.

திருவனந்தபுரத்தில ஏறினா ஒரு சாயா குடிக்கதுக்குள்ள கொழும்பு. பொறவு வேனுல. போயி எறங்கினா, ஊரச் சுத்தி மதிலு. அவ்வளவுதான். மதிலு. டச்சுக்காரன் கெட்டினதாம். சாயங்காலம் ஆனா அத்தன பேரும் அது மேல ஏறி நடக்கணும். நடந்து முடிஞ்சா திரும்பி நடக்கணும். இதுக்கு வெள்ளக்காரன் பிளேன்ல ஏறி வாறான். கூட்டிட்டுப் போன கைடு, நல்ல தமிழ் பேசுகவன், அவன் சொல்லுகான், அம்மா இந்த மதிலு எத்தனையோ தலமுறையா அலைய தடுத்து நிக்குதுன்னு. நான் சொன்னேன், தம்பி, எங்க ஊரிலயும் மழைக்கு முன்ன கல்லு கொண்டுவந்து தட்டுவான், மழை முடிஞ்சா கல்லயும் காணாது, தட்டினவனயும் காணாதுன்னு. அவனுக்கு மொகம் வாடிப்போச்சு. இவ என்ன கிராக்கிடான்னு நெனைச்சிருப்பான்.

அங்க ஒருத்தன் மதிலு மேல இருந்து பாறைக்கு எடயில கடல்ல சாடுகான். அத சுத்தி நின்னு கைதட்டி, காசும் குடுக்காங்க. உங்க இனயத்தில பையன்மாரு படிச்ச நேரத்த விட சாடின நேரந்தான் கூடுதல். எவனாவது ஒரு கடலமிட்டாயி வாங்கிக் குடுத்திருப்பானா?

ஆதார் கார்டா? இன்னா பிடி. ஒரு ஆளுதான். வீட்டுக்காரரு பேரா? அத நான் சொல்லமாட்டேன். அதிலயே இருக்கும், பாத்து எழுது. ஆமா, அதுதான். வாய்விட்டு வாசிக்காண்டாம். அவரு கூட வரல்லியான்னா? இல்ல மக்களே, என் கூட வரல்ல.

என்ன, அது டிரைவர்மாருக்க ரூமா? கெஸ்ட்டுக்கு குடுக்கமாட்டியளா? எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான வந்து நிக்கேன். டிரைவர்மாரு கெடந்தா ரூமு என்ன கெட்டாப் போவும்? இன்னைக்கு எந்த டிரைவரும் இல்ல, முற்றத்தில ஒரு வண்டியும் கெடக்கல்ல, நான் பாத்திட்டுத்தான் வந்தேன். மேனேஜருட்ட கேக்கணும்னா கேளு. போனப் போடு. நான் இருக்கேன்.

எடுக்கல்லியா? எடுப்பான். எங்க போவான்.

அந்தக் காலி ஓட்டலும் இதப் போலத்தான், கடலுக்குள்ள மூக்க நீட்டிக்கிட்டு. ரூமுக்குள்ள போயி பாத்தா, கட்டிலுக்கும் குளிமுறிக்கும் நடுவில கண்ணாடிச் சுவரு. ஆமாட்டி, கண்ணாடி. உள்ள குளிக்கவ வெளிய இருக்கவளுக்குத் தெரியணும். இது எந்த நாட்டு நாகரிகம்? துப்பட்டிய எடுத்துக் கெட்டித் தொங்க விட்டுட்டுத்தான் நான் குளிச்சேன். மெத்தையக் கேக்காண்டாம். விழுந்தா தூக்க ஆளு வேணும். நான் தரையில விரிச்சுக் கெடந்தேன். அதான் உன்ட்ட முன்கூட்டியே சொல்லுகேன், அந்த ரூம்ல கட்டிலு இருந்தா வெளிய எடுத்துப் போடச் சொல்லு. எனக்கு தரை போதும்.

காலம்பற சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்க அவிச்சு வச்சிருக்கான், நீளமா ஒரு வெள்ளித்தட்டில. வெள்ளக்காரி அத கத்தியால வெட்டி, முள்ளுக் கரண்டியால குத்தி, கண்ண மூடித் திங்கா. மருமொவ அதுக்கும் போட்டோ. எனக்க வீட்டில மரச்சீனி வச்சா இது வாயு, எனக்கு ஆவாதுன்னு மூஞ்சியத் திருப்புகவ. பிளேன் ஏறிப் போனா வாயு எறங்கிப் போச்சு.

மகன் தெனமும் வீடியோல விளிப்பான். அம்மா சந்தோசமா இருக்கியா, அம்மா கடலு பாத்தியான்னு. கடலு பாத்தியாவாம். கடல்ல பெறந்து வளந்தவள்ட்ட. திரும்புகதுக்கு முந்தின நாளு சொல்லுகான், இன்னும் ரெண்டு நாளு இருந்திட்டு வாங்க, நான் ரூம நீட்டியாச்சுன்னு. பாசம் பொங்கி வழியுகு.

அந்த நீட்டின நாளில என்ன செய்ய? ஒரு பழைய சர்ச்சுக்கு கூட்டிட்டுப் போனான் கைடு. டச்சுக்காரன் சர்ச்சு. உள்ள கால வச்சா, தரை முழுக்க கல்லறைக் கல்லு. எழுத்தும், மண்டையோடும் கொத்தி. எல்லாரும் அது மேலயே சவிட்டி நடக்காங்க. நான் நடக்கல்ல. ஓரமா, சுவரப் புடிச்சுக்கிட்டே போனேன். மருமொவ சிரிச்சா, மாமி, செத்து முந்நூறு வருசமாச்சு, அவங்களுக்கு வலிக்காதுன்னு. அவளுக்கு என்ன தெரியும். ஆனா ஒண்ணு மக்களே, இத்தன வசவு வஞ்சேன்லா, அந்த எடத்த மட்டும் நான் வையமாட்டேன். எங்கேயோ கெடந்து வந்து, அங்க செத்துப்போன அன்னியன். அவனுக்க கல்லக்கூட அந்த ஊருக்காரன் பேரோட வச்சிருக்கான். எடுத்து வீசல்ல. விக்கல்ல.

போன எடுத்தாச்சா? சொல்லு, சொல்லு. ஒரு கெழவி வந்திருக்கா, கடலு புடிக்காது, பின்னால இருக்க ரூம்தான் வேணுங்கான்னு சொல்லு. சீ வியூ ரூமுக்குள்ள வாடகையே தாறேன்னு சொல்லு. என்ன? வேற ஓட்டலு பாக்கச் சொல்லுகானா? பெரிய ஆளுதான். இஞ்ச ஓட்டலு இருக்க எடம் எல்லாம் எனக்குத் தெரியும், நான் இதுக்குத்தான் வந்தேன்னு சொல்லு. வச்சிட்டானா. பேரு என்ன அவனுக்கு, ஜெப்சனா? நல்லா இருக்கட்டு.

நீ என்னத்துக்கு மக்களே கையப் பெசயுக? உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. இரு, சொல்லுகேன்.

காலியில இருந்து வந்து எறங்கினா, மகன் காரு கொண்டு நிக்கான். நேர நாரோயிலுக்கு, அவனுக்க பிளாட்டுக்குக் கொண்டு போனான். நம்ம வீட்டுக்கு விடுலேன்னு சொன்னா, வீட்டில வெள்ளையடிக்கு, அந்த மணம் உனக்கு ஆவாதுங்கான். ரெண்டு நாளு பாத்தேன். மூணாம் நாளு ஒருத்தருட்டயும் சொல்லாம குளச்சலு பஸ்சில ஏறி வந்துட்டேன். உள்ளதுதான், வெள்ளையடிச்சிருந்தது. மதிலுக்கு. அத்தாம் பெரிய மதிலு. காலியில பாத்தது போதாதுன்னு இஞ்சயும் ஒண்ணு. கேட்டுக்கு எட வழியா பாத்தா வீட்டக் காணல்ல, தென்னையக் காணல்ல. கெணறு மட்டும் நிக்கு.

ஆமா மக்களே, முன்னால பூவு வச்சிருக்க கெணறுதான். அது எனக்க கெணறு. நீ நிக்க எடம் எங்க அடுக்களை.

வீடு போனா போட்டு. அவரு இருக்கும்போதே மகனுக்க பேருக்கு எழுதியாச்சு, அவன் வித்தான், அவனுக்க சாமர்த்தியம். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் அவன்ட்ட. லேய், அப்பா எங்கலேன்னு. அப்பாவ தொடல்லம்மா, அவங்கள்ட்ட சொல்லியிருக்கு, தோண்டல்ல, மண்ணடிச்சு ஒசத்தி மேலதான் கெட்டுகாங்கங்கான்.

மொகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? பேடிக்காண்டாம். நாங்க அய்யாவழி. எங்களுக்கு எரிக்க வழக்கம் இல்ல. நெத்தியில நாமமிட்டு, வடக்க பாத்து இருத்தி, மண்ணுக்குள்ள வச்சிருவோம். நெய்யூர் ஆஸ்பத்திரியில கெடக்கும்போது எனக்க கையப் புடிச்சுச் சொன்னாரு, என்ன வேற எங்கயும் கொண்டு போயிராத, நம்ம வீட்டு விளையிலயே இருத்திருன்னு. இருத்தினேன். கெணத்தில இருந்து நேர வடக்க, துணி அலக்குக கல்லு தாண்டி. எனக்கு கண்ணக் கெட்டி விட்டாலும் அந்த எடத்தில போயி நிப்பேன்.

கேட்டில எத்தன தடவ வந்து நின்னிருக்கேன் தெரியுமா? ஒரு வெளக்கு வச்சிட்டுப் போறேன், உள்ள விடுன்னு அந்த காவக்காரன்ட்ட கெஞ்சியிருக்கேன். நான், தாணம்மா, ஒருத்தன்ட்டயும் தலை குனியாதவ. அம்மா, கெஸ்ட்டுக்கு மட்டுந்தான் அனுமதின்னான். சரி, கெஸ்ட்டாவே வந்துருவோம்னு இன்னைக்கு வந்தேன். அவனே பெட்டியத் தூக்கிட்டு வந்து வச்சிட்டு சல்யூட் அடிச்சான். பவுசப் பாத்தியா.

அழாத ஏட்டி. மை எல்லாம் எறங்குகு. அவரு ஒருத்தரயும் ஒண்ணும் செய்யமாட்டாரு. இருக்கும்போதே ஒரு கொசுவ அடிக்கமாட்டாரு, இனிமேயா டிரைவர்மார அடிக்கப் போறாரு? நீ மேனேஜருட்ட ஒண்ணும் கேக்காண்டாம். கடலு பாத்த ரூம்ல எனக்க பேர எழுதிக்க. பின்னால இருக்க ரூமுக்க சாவிய இஞ்ச தா.

கட்டில மட்டும் ஆள விட்டு வெளிய எடுத்துப் போடச் சொல்லு மக்களே. இத்தன நாளு அவருக்க தலைக்கு மேல ஊரான் காலு நீட்டிப் படுத்தது போதும்.