ஆறாம் பெட்டு ரிசல்ட்டு

இன்னொரு தடவ பாத்துச் சொல்லுப்பா மபோ. நம்மகிட்ட இருக்கற ஒரு மருந்துக்குமா இந்தக் கிருமி கட்டுப்படாது? லேப்புல பேர மாத்தி கீத்தி எழுதியிருக்கப் போறீங்கப்பா. ஓ, ரெண்டு தடவ செஞ்சு பாத்துட்டியா. சரி சரி, மூஞ்சியத் தூக்காத தம்பி. உக்காரு.

ஆறாம் பெட்டு லுசுங்குவுக்கு இருபத்திரெண்டு வயசுதான். சிசேரியன் முடிஞ்சு பதினோரு நாளாச்சு. தையல் பிரிஞ்சு சீழு வடியுது, காய்ச்சல் எறங்க மாட்டேங்குது. கேக்கும்னு நீ எழுதியிருக்கற அந்த ஒத்த மருந்து இந்த முசூசு ஊர்லயே இல்ல. தலைநகரம் லிலோங்வேக்கும் போன் போட்டாச்சு, கையவிரிச்சுட்டாங்க.

எப்படி வந்துச்சுன்னா கேக்கற? நல்லா கேட்ட போ! கொரோனா அப்போ நீ படிச்சுட்டு இருந்திருப்ப. இருமிட்டு வந்தவனுக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் ஊசிதான். வைரஸுக்கு அது கேக்காதுன்னு டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா ஒருத்தன் மூச்சு முட்டி உங்கையப் புடிச்சுக்கிட்டா சும்மா நிப்பியா? ஆக்சிஜன் இல்ல, ஊசியாவது இருந்துச்சு. குத்துனோம். கிருமியெல்லாம் அதத் தின்னே பழகிருச்சு.

கிளவுஸுக்கும் அப்போ பஞ்சம். காலைல மாட்டுனா சாயங்காலந்தான் கழட்டுவோம். கிளவுஸு மேலயே சோப்பப் போட்டுக் கழுவிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிருவோம். நமக்கு நோய் ஒட்டலையேன்னு பெரும வேற! எந்தப் புண்ணுலேருந்து எந்தப் புண்ணுக்கு எதத் தூக்கிட்டுப் போனோமோ, யாரு கண்டா. கொரோனா போயிருச்சு தம்பி, அந்தப் பழக்கம் போகல. எனக்கும்தான்.

இல்லல்ல, மத்த நர்சுங்களத் திட்டாத. லுசுங்குவுக்குக் கட்டு மாத்த நான் ஒருத்தரையும் விடல. அவளுக ஏனோதானோன்னு செய்வாளுகன்னு எனக்கு நம்பிக்க இல்ல. தெனமும் வார்டு பூரா முடிச்சுட்டு, அதே கிளவுஸோட கடைசியாத்தான் அவகிட்டப் போவேன். கடைசின்னா அவசரமில்லாம பக்கத்துலயே உக்காந்து செய்யலாம்ல.

எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலப்பா. அந்தா பாரு, கையாட்டிக் கூப்புடறா. கட்டு மாத்தற நேரம். இன்னிக்கு வேற நர்ச அனுப்பிப் பாத்துட்டேன், தொட விட மாட்டேங்கறா. எம்பொண்ணாச்சே, அதே பிடிவாதம். எங்கம்மா கைதான் வலிக்காதுங்கறா.