தூக்கத்திலேயே தள்ளிய வண்டி

வில்லியனூர் ஸ்டேஷனில் டிக்கெட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் புஷ் வண்டிக்காரர்கள் இரண்டு பேர். புஷ் வண்டியில் வண்டிக்காரர் பின்னாலிருந்து தள்ள மட்டும்தான் செய்வார். ஏறி உட்கார்ந்தவர்தான் முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டும்.

“நேத்து ஒரு குமாஸ்தாவ ஏத்திக்கினு வர்றப்ப தூங்கிட்டேன்பா.”

“வண்டிய நிறுத்திட்டா தூங்கின?”

“எங்க நிறுத்துறது? தள்ளிக்கினேதான் தூங்கினேன். விடியறதுக்கு முன்னேருந்து ஓட்டம், வண்டி மொதலாளி கஞ்சி குடிக்கக்கூட வுடல. கண்ணு சொருகிச்சி, காலு மட்டும் போய்க்கினே இருந்துச்சி.”

“கம்பி அவரு கையிலதானே?”

“அவரும் தூங்கிட்டாரு. முழிச்சிப் பாத்தா எருமைக் குட்டையில நிக்கிறோம். அவரு தலப்பாவ ஒரு எருமை மென்னுக்கினு இருக்குது.”

வரிசையே சிரித்தது.

“மொதலாளிகிட்ட சொல்லியிருப்பாரே! வேலை போச்சா?”

“எப்பிடி சொல்லுவாரு? குட்டைக்குத் திருப்புனது அவருதானே. இன்னிக்கும் என் வண்டிலதான் ஏறினாரு. ‘டேய், தூங்கிடாதடா’ன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“‘என்னால முடியாதுங்க, நீங்க முழிச்சிக்கினு வாங்க’ன்னேன். தூக்கம் வராம இருக்க வழி பூரா பாட்டு பாடிக்கினே வந்தாரு, பாவம். நான் நல்லா தூங்கினேன்.”