சுவருக்கு அந்தப் பக்கத்து நாற்காலி

எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. சமையலறையில் யார் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாலும் என் அறையில் கேட்கும். இந்தப் பாமர்ஸ்டன் நார்த் ஊரில் மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள் எல்லாமே இப்படித்தான். குளிரும் உள்ளே வரும், சத்தமும் உள்ளே வரும். இதைப் பற்றி நான் வீட்டுக்காரரிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை, கான்ஸ்டபிள். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிரையனியை அவள் அம்மா வீட்டுக்கு ஏன் காரில் கொண்டுபோய் விட்டேன் என்று கேட்டீர்கள். அவளிடம் கார் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் இல்லை, அதனால் விட்டேன். அதோடு நிறுத்தினால் நீங்கள் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். என்னை நல்ல தோழி என்று வேறு நினைப்பீர்கள். அப்படி யாரும் என்னைத் தவறாக நினைப்பது எனக்குப் பிடிக்காது. முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அப்பா இறைச்சி ஆலையில் ஆடு உரிக்கிறவர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். புள்ளியியல் படித்தேன். படிப்புக் கடன் இன்னும் கழுத்தளவு இருக்கிறது. விடியற்காலையிலிருந்து மதியம்வரை ஒரு மின்சாரக் கம்பெனியின் கால் சென்டரில் உட்கார்ந்து, பில் ஏன் இவ்வளவு வந்தது என்று கத்துகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிரையனி பாஹியாட்டுவா பக்கத்து மாட்டுப் பண்ணை வீட்டுப் பெண். அவளுக்குச் சின்ன வயதில் சொந்தக் குதிரை இருந்தது. பல்லுக்குக் கம்பி போட்டிருந்தார்கள். அவள் சிரித்தால் வரிசை பிசகாமல் ஒரே சீராக இருக்கும். என் பற்களை நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் பல் வலித்தால் பிடுங்குவோம், அவ்வளவுதான்.

அவள் கால்நடை மருத்துவம் படிக்க வந்தவள், பாதியில் விட்டுவிட்டாள். எனக்கு அது பெரிய ஆத்திரம். எங்கள் தெருவில் ஒருத்திக்கு அந்த இடம் கிடைத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். இவள் ஏதோ பிடிக்காத சட்டையைக் கழற்றுவதுபோலக் கழற்றிப் போட்டுவிட்டு, பேக்கரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். என் வீட்டில் காலியாக இருந்த அறைக்கு வந்தாள்.

இணையத்தில் போக்கர் ஆடுவது நான் கொண்டுவந்த பழக்கம். நிகழ்தகவு படித்தவள் சீட்டாட்டத்தில் தோற்கமாட்டாள் என்று நினைத்தேன். குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த பலகையில் விதியை நான்தான் எழுதினேன். ஆட்டத்துக்கு என்று வைத்திருக்கும் கையிருப்பை ஐம்பது பங்காகப் பிரி. ஒரு மேசையில் ஒரு பங்குக்கு மேல் வைக்காதே. கையிருப்பு குறைந்தால் வெட்கப்படாமல் சின்ன மேசைக்கு இறங்கு. வெளியிலிருந்து மறுபடி காசு போடாதே. நல்ல விதி. யாரும் தப்புச் சொல்ல முடியாது.

நான் அதை ஒரு மாதம்கூடக் கடைப்பிடித்ததில்லை. தோற்றால் எனக்குக் கோபம் வரும். கோபத்தில் பெரிய மேசைக்குப் போய் எல்லாவற்றையும் வைப்பேன். மறுபடி சம்பளத்திலிருந்து போடுவேன். பிரையனி ஒரு காசுகூடப் போடாமல் ஆரம்பித்தாள். இலவசப் போட்டி ஒன்றில் ஏதோ சில்லறை ஜெயித்தாள். அதை ஐம்பதாகப் பிரித்தாள். பலகையைப் பார்த்துப் பார்த்து, ஏறச் சொன்னபோது ஏறி, இறங்கச் சொன்னபோது இறங்கி, இரண்டு வருடத்தில் எட்டாயிரம் டாலர் சேர்த்தாள். என் கையெழுத்தில் இருந்த விதி. அது எனக்கு வேலை செய்யவில்லை, அவளுக்குச் செய்தது.

ஒரு மழைநாளில் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் தன் இடதுகை மணிக்கட்டைக் காட்டினாள்.

“இங்க பாரு கெரின், இதுக்கு மேல மடங்காது. பண்ணையில ஓட்டுற குவாட் பைக்லருந்து விழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னோம். அம்மாவும் பக்கத்துல நின்னு தலையாட்டினாங்க.”

“யாரு பண்ணது?”

“மரேதான்.” மரே அவள் அம்மாவின் இரண்டாவது கணவர். “ரெண்டு தடவ. நான் பூட்டிக்கிறேன்னு என் ரூம் கதவையே கழட்டி மாட்டுக் கொட்டாயில போட்டுட்டான். அதான்டி, இந்தக் கையிருப்பு இருக்குல்ல, இதுதான் எனக்குக் கதவு. பத்தாயிரம் ஆயிடுச்சுன்னா வெலிங்டன்ல தனியா ஒரு ரூம் எடுத்துடுவேன். உள்ள பூட்டு வச்ச ரூம்.”

நான் அவள் தோளில் கை வைத்தேன். செய்ய வேண்டியதைச் செய்தேன். ஆனால் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அவள் அழுதுகொண்டே பேசியபோதும் நான் அவள் பற்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெலிங்டன் என்று சொன்னதும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நான் கால் சென்டரிலேயே இருப்பேன். இவள் என் விதியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

பேக்கரி வேலையை விடச் சொன்னதும் நான்தான். “உனக்கு இருக்கிற பொறுமைக்கு முழுநேரமும் ஆடுடி,” என்றேன். அன்று மனதார, அவள் நன்மைக்காகத்தான் சொன்னேன் என்றே நினைவு. அவளும் வேலையை விட்டாள். அதன்பிறகு வாடகையும் சாப்பாடும் அந்தக் கையிருப்பிலிருந்தே போயின.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். பழைய சாமான் கடையில் வாங்கிய சுழல் நாற்காலி. யோசிக்கும்போது அவள் அதில் முன்னும் பின்னும் ஆடுவாள். கிரீச், கிரீச் என்று சுவர் வழியாக வரும். எங்கள் மதியம் அமெரிக்காவில் முன்னிரவு, மேசைகள் நிறைந்திருக்கும். நான் வேலை முடிந்து வந்து படுத்திருப்பேன், அது கேட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் ஒன்று பிடிபட்டது. சில சமயம் சத்தம் சட்டென்று நின்றுவிடும். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு வரும், ஜெயித்திருப்பாள். நல்ல சீட்டு வந்தால் அவள் ஆடுவதை நிறுத்திவிடுவாள். கையில் ஒன்றும் இல்லாமல் கட்டுகிற வெறும் மிரட்டல் பந்தயம் என்றால் ஆடிக்கொண்டே இருப்பாள். திரையில் முகம் தெரியாத உலகத்தில், அவள் முகம் என் சுவரில் இருந்தது.

ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே மேசையில் உட்காரக்கூடாது. தளத்தின் சட்டம் அது. ஒரே இணைய இணைப்பு என்று கண்டால் இருவர் கணக்கையும் பூட்டிவிடுவார்கள். அதனால் என் கைபேசியின் இணைப்பில் ஆடினேன். கணக்கை அப்பாவின் ஓட்டுநர் உரிமத்தை வைத்துத் திறந்தேன். அப்பாவுக்குத் தெரியாது. பெயர், மொட்டைக்கத்தி.

முதலில் ஒரு சின்னச் சோதனை என்றுதான் நினைத்தேன். நாற்காலி நின்றால் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கினேன். நாற்காலி ஆடினால் பந்தயத்தை ஏற்றினேன். கோபமே வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் பொறுமையாக ஆடினேன்.

இந்த இடத்தில் பிரையனி ஒரு தப்புச் செய்தாள். கணக்குத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. இரவுச் சாப்பாட்டுக்கு நான் குமரா கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அவள் உற்சாகமாக வந்தாள்.

“இன்னிக்கும் அந்த மொட்டைக்கத்தி வந்திருந்தான்டி. மத்தவங்ககிட்ட எல்லாம் வாரி வாரிக் குடுக்குறான். என்கிட்ட மட்டும் சீட்டைப் பாத்த மாதிரி ஆடுறான்.”

“அப்ப எந்திரிச்சு வந்துடேன்.”

“பைத்தியமா உனக்கு? அவன மாதிரி ஒரு தத்தி சிக்குறதே கஷ்டம். அவன் ஆடுன ஆட்டமெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன், சுத்த மொக்க. இப்போதைக்கு அதிர்ஷ்டம் அவன் பக்கம், அவ்ளோதான். நீதானே சொன்ன, நூறு ஆட்டத்த வச்சு முடிவு பண்ணாத, பத்தாயிரம் ஆட்டம் பாருன்னு?”

“சொன்னேன்.”

“அவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்டி. தொப்ப இருக்கும். பொண்டாட்டி தொரத்தி விட்டிருப்பா. ராத்திரி பகலா உக்காந்து, என்னிக்காவது பணக்காரனாயிடலாம்னு…” அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பாவம், மூளை இல்ல.”

நான் கிழங்குத் தண்ணீரை வடித்துக்கொண்டே அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

அவள் சொன்னது சரி. மற்றவர்களிடம் நான் தோற்றுக்கொண்டுதான் இருந்தேன். நல்ல ஆட்டக்காரர்கள் பலவீனமானவனைப் பார்த்தால் எழுந்து போகமாட்டார்கள்; அது அவர்கள் தொழில் தர்மம். ஆகவே அவள் என்னைத் தேடி வந்தாள். இருவர் மட்டும் ஆடுகிற மேசைக்கு என்னை அழைத்தாள். மொட்டைக்கத்தி முட்டாள் என்று அவள் அவ்வளவு உறுதியாக நம்பியிராவிட்டால் ஒரு வாரத்தில் விலகியிருப்பாள். மூளை இல்லை என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் விலகியிருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலம் முழுக்க ஆடினோம். கையிருப்பு குறைந்ததும் அவள் விதிப்படி சின்ன மேசைக்கு இறங்கினாள். நானும் இறங்கினேன். மறுபடி இறங்கினாள், மறுபடி இறங்கினேன். சின்ன மேசையில் ஜெயித்தாலும் வாடகைக்குப் போதாது என்பது அவளுக்கும் தெரியும். தூக்கம் போயிற்று. எடை குறைந்தது. “எனக்குள்ள என்னமோ உடைஞ்சு போச்சுடி, எனக்கு ஆடவே தெரியல,” என்றாள். “அதெல்லாம் இல்ல, எல்லாருக்கும் வர்ற சறுக்கல்தான்,” என்று சொல்லி டோஸ்ட் போட்டுக் கொடுத்தேன். அதுவும் பொய் இல்லை. புள்ளியியல்படி சறுக்கல் எல்லாருக்கும் வரும்.

பேக்கரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாள். இரண்டு வார வாடகை நின்றது. நான் கத்தவில்லை. வீட்டு ஒப்பந்தம் என் பெயரில் இருக்கிறது, நானும் சம்பளக்காரிதான், வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று நிதானமாகச் சொன்னேன். அவளுடைய ஒரு வார வாடகையைப் போல ஐம்பது மடங்குப் பணம் அப்போது என் கைபேசியில் இருந்தது. மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

“கொஞ்ச நாளு டைம் குடுடி. நான் அங்க போக முடியாது. உனக்குத் தெரியும்ல?”

“தெரியும். ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்ல, பிரையனி. குறைஞ்சா வெட்கப்படாம இறங்கணும்.”

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் துணிகளை எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை நான் மரேக்கு போன் செய்தேன். இதை நீங்கள் கேட்கவில்லை, போன் பதிவில் எப்படியும் வரும். “அவ சூதாடி, கையில இருந்ததெல்லாம் தொலைச்சுட்டா. வேலையும் இல்ல. நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்,” என்றேன். “சூதாட்டமா,” என்றார் அவர். “அவளுக்கு இனி வேற போக்கிடமும் கிடையாது,” என்றேன். “சொன்னது நல்லதாப் போச்சும்மா,” என்றார். மரியாதையான மனிதர். அப்படிப்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு குரல் இல்லை, எல்லாரையும் போலத்தான் இருந்தது.

ஞாயிறு காலை அவளுக்குப் பிடித்த சீஸ் ஸ்கோன் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அவள் சாப்பிடவில்லை, காகிதத்தோடு மடியில் வைத்திருந்தாள். மலைப்பாதையில் காற்றாலைகள் மூடுபனியில் பாதி தெரிந்தன. பண்ணை வாசலில் மரே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவள் காரின் கதவுப் பிடியைப் பிடித்தபடி கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள்.

“கெரின், திரும்பிப் போயிடலாமா?” என்றாள்.

நான் எட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு செய்வார் என்பது தெரியாது, அது நிகழ்தகவு. அவளை ஒன்றுமில்லாதவளாக ஆக்கியது நான், அந்த வாசலில் இறக்கியது நான், அவர் ஆத்திரத்தோடு காத்திருக்கும்படி பார்த்துக்கொண்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் திருடி என்று எழுதாதீர்கள். அதிலிருந்து ஒரு டாலர்கூட நான் தொடவில்லை. பொறாமை என்றும் எழுதாதீர்கள். அந்த நாற்காலியை என் அறைக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது வீணாக நின்றது, அவ்வளவுதான். நீங்கள் காட்டிய ஆஸ்பத்திரிப் படத்தை நான் நன்றாகவே பார்த்தேன். தாடை கூடிவிடும். பல்தான், முன்வரிசையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியும், எனக்காக ஒருமுறை விசாரித்திருக்கிறேன். அவள் கண் விழித்ததும் சொல்லுங்கள், கவலைப்பட வேண்டாம் என்று. பணம் பத்திரமாக இருக்கிறது. அவளிடம் இருந்திருந்தால் இதற்குள் செலவாகியிருக்கும். இப்படி ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும் என்றுதான் நான் சேர்த்து வைத்தேன்.