பட்டினிக்கும் நோன்புக்கும் நடுவே

அவையை ஆளும் அன்புத் தலைவர் அவர்களே! அனுபவத்தில் பழுத்த ஆன்றோர்களே! அடுப்படி வேலையை அரைகுறையாய் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் அன்னையரே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் அமைதி பொழிவதாக! அஸ்ஸலாமு அலைக்கும்!

ரமளான்! அந்தச் சொல்லின் வேரிலேயே சுட்டெரிக்கும் சூடு இருக்கிறது. திருக்குர்ஆன் இறங்கிய திங்கள் இது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த இரண்டாம் ஆண்டில் இந்த மாதத்து நோன்பு கடமையானது. எதற்காக? குடலைக் காயப்போடவா? கும்பியைக் கருக்கவா? இல்லை, இல்லை! இறையச்சம் உடையவர்களாய் ஆவதற்கு என்கிறது மறை.

இறையச்சம் என்றால் என்ன? அதை நான் ஏட்டில் படிக்கவில்லை ஐயா, ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம் படித்தேன்!

'திருகாணி' என்போம் அவரை. இறுக்கினால் இளகமாட்டார். அவருக்கு மேற்பார்வையாளன் நான். பிரசவ மருத்துவமனை ஒன்றில் புது லிஃப்ட். மாலையில் திறப்பு விழா. பாரம் ஏற்றி பிரேக்கைச் சோதிக்க நேரமில்லை. மொட்டைமாடி இயந்திர அறை உலையாய்க் கொதிக்கிறது. 'சோதித்தாயிற்று' என்ற சான்றிதழை நான் நீட்டினேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கும் அண்ணே. கையெழுத்தப் போடுங்க."

"காலையிலேருந்து நாக்கு ஒட்டிக் கெடக்கு தம்பி. இங்க நான் ஒத்தையாத்தான் இருந்தேன். குழாயத் தொறந்து குடிச்சிருந்தா எவன் பாத்திருப்பான்? குடிக்கலயே! தண்ணிக்கு வந்த பயம் கையெழுத்துக்கு வரலன்னா, இது நோன்பா? வெறும் பட்டினி!"

சிரிக்காதீர்கள் பின்வரிசைத் தம்பிகளே! அன்று நானும் நோன்பாளி! நோன்பிருந்த வாயால்தான் பொய்யைக் கேட்டேன்!

"அப்போ நாளையிலேருந்து வேலைக்கு வராதீங்க!"

"வரல. ஆனா இன்னைக்கு இது ஓடாது."

லிஃப்ட் கதவை மறித்து நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் மணல்மூட்டைகளை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். இரண்டாம் மாடியில் நிற்க வேண்டிய பெட்டி, பிரேக் பிடிக்காமல் ஓர் ஆள் உயரம் வழுக்கிப் போனது! மூட்டைகள் இருந்த இடத்தில் ஒரு நிறைமாதக்காரி நின்றிருந்தால்? அவள் கால் எடுத்து வைக்கும் நொடியாய் அது இருந்திருந்தால்?

விழா நின்றது. "யார் செய்த தப்பு?" என்று எங்கள் முதலாளி சீறினார். திருகாணி வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன்: "சோதிக்காமலே கையெழுத்துக் கேட்டது என் தப்பு. அவரை வேலையைவிட்டு எடுக்காதீங்க." வரவிருந்த பதவி உயர்வு போனது. போகட்டும்! முப்பது வருடம் பசித்திருந்தவன், அன்றுதான் முதன்முதலாய் நோன்பு வைத்தேன்!

ஆகவே உறுதி கொள்வோம், உறவுகளே! உணவை விலக்கிய வாய், பொய்யையும் விலக்கும்! மிரட்டினாலும் விலக்கும்! வேலையே போனாலும் விலக்கும்!

பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி கூறி, இருக்கைக்குத் திரும்புகிறேன். வஸ்ஸலாம்!