மாஸ்டரின் அளவு நோட்டு

இரவு பதினொன்றே கால்... மரக்கிடங்குக்குப் பின்னால் போகிற ரோடு. ஒரு பக்கம் கிடங்கின் நீளச் சுவர், மறுபக்கம் வாய்க்கால். நடுவில் ஒரே ஒரு ஆள், சைக்கிளில்.

சின்னவள் இங்கே நிறுத்திவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தாள். கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிவிட்டது. ஹாலில் ஏழு பேர், ஒரே மெழுகுவர்த்தி. அதுவரை பெரிய மாப்பிள்ளைதான் பேசிக்கொண்டிருந்தார். நீலக் கட்டம் போட்ட புதுச் சட்டையில் சுவரோரம் சாய்ந்துகொண்டு, ஒரு பெண்ணை யாரோ சீரழித்ததாகப் போனில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, "அந்த நேரத்துல அவளுக்கு அங்க என்ன வேலை? என்ன டிரஸ் போட்டுட்டுப் போனாளோ, யார் கண்டா" என்றார். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள்தான் மெழுகுவர்த்தியைத் தன் பக்கம் இழுத்து வைத்து, "ஒரு கதை சொல்றேன் அத்தான். நடந்த கதை" என்று ஆரம்பித்தாள்.

அவள் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரியின் பெரியப்பாவுக்கு நடந்தது இது. மனுஷர் லேடீஸ் டெய்லர். மாஸ்டர் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். கை சுத்தம், தையல் சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். கழுத்தை அரை அங்குலம் இறக்கச் சொன்னால் போதும், "நல்ல குடும்பத்துப் பொண்ணு கேக்குற கேள்வியா இது" என்று உபதேசம் தொடங்கிவிடும். அவரிடம் ஒரு பழக்கம். அளவு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். பென்சிலில் அளவு. மூலையில் அவரவர் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் குண்டூசியால் குத்திவைப்பார். பெயர் எழுதமாட்டார். துணியைப் பார்த்தாலே ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும்.

மஞ்சள் துணி, மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண்ணுடையது. முன்கழுத்து இறக்கம் மூன்று அங்குலம். கழுத்தெலும்பு கூட வெளியே தெரியாது.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஒருநாள் கடை அடைத்துவிட்டு வீடு திரும்பினாள். கிடங்கு முதலாளியின் மகன் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனான். அதற்கு மேல் சின்னவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

வழக்கு நடந்தது. சட்டை கழுத்தோடு கிழிந்து கிடந்ததால், எவ்வளவு இறக்கம் வைத்துத் தைத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவன் தரப்பு வக்கீல் மாஸ்டரின் கடைக்கு வந்தார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. "நோட்டுல மூணுதான் இருக்கா மாஸ்டர்? நல்லாப் பாருங்க" என்றார். மூன்றை எட்டாக்க இடது பக்கம் இரண்டு வளைவு போதும். கிடங்கு வீட்டைப் பகைத்துக்கொண்டு அந்தத் தெருவில் கடை நடத்த முடியாது. மாஸ்டர் வளைத்தார். கூண்டில் ஏறியபோது, "எட்டுங்க. வேணாம்மான்னு நானே சொன்னேன், அந்தப் பொண்ணுதான் கேக்கல" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். அவள் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வெளியே வந்தான். தெருவெல்லாம் எட்டு அங்குலம், எட்டு அங்குலம் என்றே பேச்சு. மருந்துக்கடைக்காரர் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். இரண்டு மாதம் கழித்து அவள் உடலை வாய்க்காலிலிருந்து எடுத்தார்கள்.

இப்போது அந்தப் பதினொன்றே கால்...

சைக்கிள் சங்கிலி கிரீச்... கிரீச்... என்றது. திடீரென்று ஸ்பிரிட் வாசனை. ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் நனைத்துத் தடவுவார்களே, அந்த வாசனை. பின்னால் கத்தரிச் சத்தம். சரக்... சரக்... மாஸ்டர் வேகமாக மிதித்தார். சத்தம் அதே தூரத்தில் வந்தது. கேரியர் கனத்தது. காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"மாஸ்டர்... என் சட்டைக்குக் கழுத்து எத்தனை வச்சீங்க?"

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கோர்ட்டில் சொன்னது வாய்க்குப் பழகிவிட்டதே. "எட்டு" என்றார்.

"சரிங்க மாஸ்டர்."

கேரியர் லேசாகிவிட்டது.

மறுநாள் காலை அளவு நோட்டில் ஒரு புதுப் பக்கம். மூலையில் அவருடைய வெள்ளைச் சட்டையிலிருந்து ஒரு துண்டு. அவர் கையெழுத்திலேயே, கழுத்துச் சுற்றளவு பதினாறு. அவருடைய சரியான அளவு. அதற்கடுத்த நாள் அது அடிக்கப்பட்டுப் பதினைந்து ஆகியிருந்தது. மேல் பட்டன் போட முடியவில்லை. அடுத்து, பதினான்கு. பட்டன் தானாகவே பூட்டிக்கொண்டிருந்தது.

தையலைப் பிரித்துப் பார்த்தார். விடிந்தால் மறுபடி தைத்திருந்தது. தையலோ அவர் கைத் தையல். "ராத்திரி நீங்கதானே எந்திரிச்சு உக்காந்து தைக்கிறீங்க" என்றாள் மனைவி. சட்டையே இல்லாமல் படுத்தார். காலையில் வெறும் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு... பொடிப்பொடியாக ஊசித்தடம்.

நோட்டில் அளவு பன்னிரண்டு ஆனபோது போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். ஏட்டு நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"அந்த நேரத்துல அந்த ரோட்டுக்கு எதுக்குப் போனீங்க?"

"வீட்டுக்குத்தாங்க போனேன்."

"தனியாவா? என்ன சட்டை? மேல் பட்டன் போட்டிருந்தீங்களா, தொறந்து விட்டிருந்தீங்களா?"

ஏட்டு சிரித்தார். "சும்மா போற ஆளை யாரும் தொடமாட்டாங்க. நீங்க ஏதாச்சும் இடம் குடுத்திருப்பீங்க."

இதே கேள்விகளை வக்கீல் அவளைக் கேட்டபோது மாஸ்டர் பின்பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டியிருந்தார். அன்றைக்கு எல்லாம் நியாயமாகப் பட்டது.

"நல்லா வேணும்" என்று ஹால் இருட்டில் யாரோ முணுமுணுத்தார்கள்.

தப்பிக்கிற வழி மாஸ்டருக்குத் தெரியும். கோர்ட்டுக்குப் போய், எட்டு என்றது பொய் என்று சொல்ல வேண்டும். வக்கீலைப் போய்ப் பார்த்தார். "சொன்னா அவன் உள்ள போறானோ இல்லையோ, நீங்க போவீங்க" என்றார் வக்கீல். மாஸ்டர் திரும்பி வந்தார். அன்று இரவு கடைக்குள்ளிருந்து ஷட்டரை இறக்கிக்கொண்டு, கோர்ட்டிலிருந்து திரும்பி வந்திருந்த அந்த நோட்டில் மஞ்சள் துணிப் பக்கத்தைத் திறந்து, இரண்டு வளைவுகளையும் ரப்பரால் அழித்தார். எட்டு மறுபடி மூன்றாயிற்று. பொய்யை ஊர் கேட்கச் சொன்னவர், உண்மையைச் சுவருக்கு மட்டும் காட்டினார்.

வெளியே தெரு வாட்ச்மேன் இருந்தார். ஷட்டருக்கு அடியிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்ததாம். உள்ளே ஒரு பெண் குரல் மெதுவாக ஏதோ கேட்டது. "மூணு" என்றார் மாஸ்டர். பிறகு அழுதுகொண்டே, "மூணும்மா... மூணுதாம்மா..." பிறகு மெஷின் ஓட ஆரம்பித்தது. கடகடகடவென்று... நிற்காமல்... விடியும்வரை.

காலையில் ஷட்டரைத் தூக்கினார்கள். மாஸ்டர் மெஷின்மேல் சாய்ந்து கிடந்தார். சட்டைக் கழுத்துப்பட்டை அவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தது, ஒரு பிசிறில்லை. நோட்டில் பன்னிரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதியிருந்தது. யாரும் டேப் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

மெழுகுவர்த்தி பாதிக்கு மேல் உருகியிருந்தது. "அந்த நோட்டு இப்போ எங்க?" என்று அம்மா கேட்டாள்.

"என் பக்கத்து சீட்டுக்காரிகிட்டதான் இருக்கு. பூட்டித்தான் வச்சிருக்கா. அப்படியும் பக்கம் ஏறிகிட்டே இருக்காம். மாஸ்டருக்கு அடுத்து சாம்பல் கலர்ல ஒரு துணி, கிடங்கு வீட்டு மகன் போடுற கோட்டுத் துணி. அப்புறம் கறுப்பு, வக்கீல் அங்கி. அப்புறம் காக்கி. மூணு பக்கத்துலயும் கடைசி அளவு மூணுதான்."

பெரிய மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"சாயந்தரம் இன்னொரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினா. அளவு எதுவும் இன்னும் எழுதல. துண்டு மட்டும் குத்தியிருக்கு." சின்னவள் போனை அவர் பக்கம் திருப்பினாள். "இந்தத் துணி யாருதுன்னு தெரியலயாம் அத்தான். உங்களுக்குத் தெரியுதா பாருங்க."

நீலக் கட்டம்.

அவர் கை மெதுவாகச் சட்டையின் பின் ஓரத்தைத் தடவிக்கொண்டு போனது. ஓரிடத்தில் நின்றது. இரண்டு விரல் அகலத்துக்கு அங்கே துணி இல்லை. கத்தரியால் நேராக வெட்டியிருந்தது.