பல்லும் பாட்டும்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பஸ், வழக்கம்போல லேட். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், அறுபதைத் தாண்டியவர்கள். இளையவருக்கு ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"கிறிஸ்மஸ் முடியாம பல்லை எடுக்க மாட்டேன், மைனி" என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீழ் பிடித்த பல்லுக்குப் பண்டிகை தெரியுமா?

"எட்டீ, ஆஸ்பத்திரிக்குப் போவதுக்குத்தானே பஸ் ஏறினோம்."

"மருந்து மட்டும் வாங்கிட்டு வாறேன். முன்பல்லாக்கும். எடுத்தா காத்து போவும். சர்ச் கொயர்ல 'சமாதானம்'னு பாடினா சீட்டி அடிச்ச மாதிரி இருக்கும். பின்ன என்னைப் பின்வரிசைக்குத் தள்ளுவாவ."

"சோறு தின்னியா நீ?"

"கஞ்சி குடிக்கேன்."

"நான் எந்த வரிசையில நிக்கேன்?"

"முன்வரிசை. எனக்க பக்கத்துல."

மூத்தவரான அந்த மைனி சுற்றும் பார்த்துவிட்டு, வாயில் விரலை விட்டு மேல்பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். முகம் பாதியானது. திரும்ப மாட்டிக்கொண்டு சொன்னார்: "போன ஈஸ்டர்லயிருந்து இதை வச்சாக்கும் பாடுதேன். நீ கண்டியா?"

இளையவர் குனிந்து மைனியின் வாயை உற்றுப் பார்த்தார்.

"அப்போ நடுவில சுருதி விடுதது உங்க பல்லாக்கும். நான் கீபோர்டு வாசிக்கவனைப் போட்டுத் திட்டிட்டேன்."

"கொஞ்சம் லூசு உண்டு. டாக்டர் உனக்க பல்லை எடுக்கட்டும், எனக்க செட்டை இறுக்கட்டும். எந்திரி, ஸ்டாப்பு வந்தாச்சு."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இளையவர்தான் முதலில் இறங்கினார்.